கிளை நூலகம்: வாசகர் கையேடு

கிளை நூலகம் என்பது மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் பொது நூலகம். மாவட்டத் தலைநகரில் மாவட்ட மைய நூலகம், அதற்குக் கீழே கிளை நூலகங்கள், அவற்றுக்கும் கீழே ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று படிகள் இறங்கும். இறங்க இறங்கப் புத்தகங்கள் குறையும். நாளிதழுக்கு நடக்கும் போட்டி மட்டும் குறையாது. இந்த ஏற்பாடு முழுவதற்கும் அடிப்படை 1948-ல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் வந்த முதல் சட்டம் இதுதான். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்க அது வழி செய்தது. ஆகவே ஊரில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், பள்ளிப் படிப்புக்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் தொடாதவர் உட்பட, சட்டப்படி இலக்கியத்தை வளர்ப்பவர்.

நூலகக் கட்டடம் பெரும்பாலும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும். இல்லாவிட்டால் ரேஷன் கடைக்குப் பக்கத்தில். வழி கேட்பவருக்கு ரேஷன் கடையை அடையாளம் சொல்லித்தான் நூலகத்தைக் காட்டுவார்கள். நூலகத்தை அடையாளம் சொல்லி ரேஷன் கடையைக் காட்டியவர் எந்த ஊரிலும் இல்லை.

வாசலைத் தாண்டியதும் வருகைப் பதிவேடு. பக்கத்தில் ஒரு பேனா, மேசைக் காலோடு சணல் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்தார்கள். நாகரிகம் வளர்ந்து புத்தகங்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டது. பேனாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பேனா எழுதினாலும் எழுதாவிட்டாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு இந்த ஏட்டிலிருந்துதான் மேலே போகிறது. கையெழுத்துப் போடாமல் உள்ளே போய் மூன்று மணி நேரம் படித்துவிட்டு வருகிறவர், அரசுக் கணக்கில் அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் தூங்கியவர்.

அடுத்தது நாளிதழ் மேசை. நூலகத்தின் உயிர்நிலை இதுதான். நூலகம் திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே மூன்று நான்கு பேர் படியில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களில் பலர் பணி ஓய்வு பெற்றவர்கள். வேலையில் இருந்த காலத்தில் அலுவலகத்துக்கு இவ்வளவு சீக்கிரம் போயிருப்பார்களா என்பது வேறு விஷயம். கதவு திறந்த ஐந்தாவது நிமிடம் ஒரு நாளிதழ் நான்கு நாளிதழாகப் பெருகிவிடும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் ஒருவர் கையில், உள்ளூர்ச் செய்தி இன்னொருவரிடம், நடுத்தாள் யாரிடம் என்று தெரியாது. தினத்தந்தி என்றால் கன்னித்தீவு இருக்கும் தாள் தனியாகச் சுற்றும். 1960-ல் தொடங்கிய அந்தப் படக்கதையை முடிவு தெரிந்துகொள்ளும் நோக்கத்தோடு இன்று யாரும் படிப்பதில்லை; நேற்றுப் படித்ததால் இன்றும் படிக்கிறார்கள்.

நாளிதழ் மேசைக்கென்று எழுதாத விதிகள் உண்டு. பக்கத்தை மடித்து முழங்கையின் கீழ் வைத்துக்கொண்டால் அது முன்பதிவு. மூக்குக் கண்ணாடியைத் தாளின் மேல் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனால் டீ குடித்துவிட்டு வரும்வரை அந்தத் தாளை யாரும் தொடக்கூடாது. காத்திருப்பவர் முதலில் லேசாக இருமுவார். அதற்குப் பலன் இல்லையென்றால், "சார், அந்த நடுப்பக்கம் முடிஞ்சிருச்சுங்களா?" என்பார். "இப்பத்தான் சார் எடுத்தேன்" என்பது நிலையான பதில். இப்பத்தான் என்பது அரை மணி நேரத்தைக் குறிக்கும். புதிதாக வருகிறவர் செய்ய வேண்டியது, தமிழ் நாளிதழை அடையும் ஆசையைப் பதினொரு மணி வரை ஒத்திப்போடுவது. அதுவரை ஆங்கில நாளிதழ் மடிப்புக் கலையாமல் காத்திருக்கும்.

மேசைக்கு அப்பால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிகள் போட்டித் தேர்வுக்காரர்களுக்குரியவை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பு வந்துவிட்டால் அந்த நாற்காலிகளுக்குப் பட்டா போட்ட மாதிரிதான். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, சமச்சீர்ப் பாடப் புத்தகங்கள், நான்கு நிற ஸ்கெட்ச் பேனா ஆகியவை எல்லைக் கற்கள். ஊரில் அதிக விஷயம் தெரிந்தவர்கள் இவர்கள்தான்: எந்த நதி எங்கே பிறக்கிறது, அரசமைப்பின் எந்தப் பிரிவு எதைச் சொல்கிறது, எந்த நூலை எழுதியவர் யார் என்பதெல்லாம் நுனிநாக்கில் இருக்கும். அந்த நூலைப் படித்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கக்கூடாது. ஆசிரியர் பெயர் கேள்வித்தாளில் வரும், கதை வராது.

இனி புத்தக அலமாரி. புத்தகங்களை அடுக்கும் முறையைப் பற்றிச் சொல்லும்போது சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனைச் சொல்லாமல் தீராது. சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். ஆன சில நாட்களிலேயே, ஆளில்லாத கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை, பழைய வேலையையே கொடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வாரும், பிறகு பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு பெரிய கடையில், துண்டுகளைக் கோத்துப் பலவித உருவங்கள் செய்யும் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோதுதான் கோலன் பகுப்பு முறைக்கு வித்து விழுந்தது. இந்திய நூலகத் துறையின் தந்தை என்று கொண்டாடப்படுபவர், நூலகத்தை விட்டு ஓடப் பார்த்தவர். முதல் நாள் நூலகத்துக்குள் போய்விட்டு அலுப்போடு திரும்பும் எந்த வாசகரும் இதை நினைத்துத் தேறலாம்.

அவருடைய கோலன் முறையில் இலக்கியத்துக்கு 'ஓ' என்ற ரோமன் எழுத்து, தமிழுக்கு 31, புனைகதைக்கு 3. அடுத்து வருவது எழுத்தாளர் பிறந்த ஆண்டின் குறியீடு. 1899-ல் பிறந்த கல்கி 'எம் 99', 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன் 'என் 06'. ஆகவே கோலன் எண் எழுதிய புத்தகத்தின் முதுகைப் பார்த்தே எழுத்தாளரின் வயதைச் சொல்லிவிடலாம். வயதை மறைக்க விரும்பும் எழுத்தாளர்கள் 894.811 என்று தமிழ் இலக்கியத்துக்கு எண் கொடுத்து நிறுத்திக்கொள்ளும் டியூயி முறையையே விரும்புவார்கள்.

நடைமுறையில் இரண்டு முறைகளையும் வெல்லும் மூன்றாவது முறை ஒன்று உண்டு. எடுத்த புத்தகத்தை வாசகர் தாமே திரும்ப வைப்பது. சமையல் புத்தகம் சட்டத்தில் போய் உட்காரும், 'இயற்கை உரம் தயாரிப்பது எப்படி' என்ற ரகம் கவிதையில் சேரும். பின்னது சில சமயம் திட்டமிட்ட விமரிசனமாகவும் இருக்கக்கூடும். புரட்டிப் பார்த்த புத்தகத்தை மேசை மேலேயே விட்டுவிட வேண்டும் என்று எல்லா நூலகங்களும் கேட்டுக்கொள்வது இதனால்தான். இடம் மாறி வைத்த புத்தகம், இருந்தும் இல்லாத கணக்கு. தன்னைத் தவிர வேறு யாரும் ஒரு புத்தகத்தை எடுத்துவிடக் கூடாதென்று தெரிந்தே இடம் மாற்றி ஒளித்து வைக்கும் வாசகர்களும் உண்டு. அடுத்த வாரம் வந்து பார்க்கும்போது, எங்கே ஒளித்து வைத்தோம் என்பது அவர்களுக்கும் மறந்திருக்கும்.

எதைப் படிப்பது என்ற கேள்விக்கு நூலகத்திலேயே ஒரு நேர்மையான விமரிசகர் உண்டு. புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித்தாள்தான் அது. திருப்பித் தர வேண்டிய நாள் முத்திரையாக விழுந்து விழுந்து இரண்டாவது தாளும் ஒட்டியிருந்தால், அந்தப் புத்தகத்தை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் நாவல்களில் முத்திரை விழ இடம் இருக்காது. பரிசு பெற்ற சில நாவல்களில் தாள் மாசு மருவில்லாமல் இருக்கும். வெற்றுத் தாளைக் கண்டு பின்வாங்கக் கூடாது. அலமாரியின் கீழ்த் தட்டில் கிடப்பதால் மட்டுமே யாரும் எடுக்காத நல்ல புத்தகங்கள் ஏராளம். கீழ்த் தட்டுக்குக் குனிய வேண்டும், வாசகர்களில் பலருக்கு முழங்கால் வலி. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் முழங்கால் வலியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது விமரிசகர், பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதும் முந்தைய வாசகர். காதல் நாவலில் 'சூப்பர்' என்பார், எழுத்துப் பிழையைத் திருத்துவார், கடவுள் இல்லை என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று எழுதுவார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் இல்லை என்று இருக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். துப்பறியும் நாவலின் பன்னிரண்டாம் பக்கத்தில் டாக்டரின் பெயருக்கு அடியில் கோடிட்டு, 'இவன்தான் கொலைகாரன்' என்று எழுதிவிட்டுப் போகிறவரைப் பொறுக்க முடியாது. அவருக்கென்று சட்டத்தில் தனிப் பிரிவு சேர்க்க வேண்டும்.

பரிந்துரைகளைப் பொறுத்தவரை, கிளை நூலகத்தில் கண்டிப்பாக இருக்கும் நூல் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம், இருப்பவை பெரும்பாலும் நான்கு. காணாமல் போவது பல இடங்களில் மூன்றாம் பாகமான 'கொலை வாள்'. இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' முடித்த கையோடு ஓடி வரும் வாசகரிடம், ஒரு வீட்டில் இருக்கிறது, வந்துவிடும் என்பார் நூலகர். வராது. கல்கி இதழில் 1950-லிருந்து மூன்றரை ஆண்டு தொடராக வந்தபோது வாசகர்கள் வாரா வாரம் காத்திருந்த அனுபவத்தை இன்றைய தலைமுறைக்கும் கிடைக்கச் செய்கிறார் அந்த வீட்டுக்காரர். முழுத் தொகுதியையும் கண்ணால் பார்த்த பிறகே முதல் பாகத்தை எடுப்பது புத்திசாலித்தனம்.

ஒரே பாகத்தில் முடிய வேண்டும், சிரிக்கவும் வேண்டும் என்பவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தைத் தேடலாம். 1879-ல் அச்சான தமிழின் முதல் நாவல். முன்சீப்பாக இருந்தவர் எழுதியதால் நீதிக்குக் குறைவில்லை. அறிவுரை நீளும் இடங்களில் இரண்டு பக்கம் தள்ளிப் புரட்டினால் ஒரு வேடிக்கைக் கதை காத்திருக்கும். ஆண் வேடம் போட்ட ஞானாம்பாள் அரசாளும் பகுதியை விடக்கூடாது. முதல் நாவலிலேயே நாயகனைவிட நாயகி கெட்டிக்காரி. தேர்வுக்காகப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் உள்ளே திறந்து பார்த்தால் திகைத்துப்போவார்கள்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் நேரத்துக்குத் தேவனின் 'துப்பறியும் சாம்பு' பொருத்தம். அசடு ஒருவன் தற்செயலாகவே வழக்குகளைத் துலக்கிப் பெயர் வாங்கிவிடுகிறான். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் இந்த நம்பிக்கை உதவும். கோடையில், லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிறவர்கள் அசோகமித்திரனின் 'தண்ணீர்' படிக்கலாம். சென்னைத் தெரு ஒன்றின் தண்ணீர்ப் பஞ்சத்தை அவர் துளியும் சத்தம் போடாமல் சொல்லியிருப்பார். குழாயடியில் அந்த அமைதியைப் புத்தகத்துக்குள்ளே மட்டும்தான் பார்க்க முடியும். ஊர்க்கதை பேசப் பிடித்தவர்களுக்குக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. அது பிடித்துப்போனால் அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' இருக்கிறது. 1991-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது, கீழ்த் தட்டில் பார்க்கவும்.

தடித்த புத்தகம் வேண்டும், தலைக்கு வைத்துப் படுக்கவும் உதவ வேண்டும் என்பவர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்துப்போகலாம். தலைக்கு வைக்கும் நோக்கம் நிறைவேறாது. நாலு பக்கம் படித்தால் தூக்கம் போய்விடும். தமிழ் படிக்க ஒரு பையன் ஊர் ஊராக ஆசிரியரைத் தேடி அலைந்த கதை அது. ஆனந்த விகடனில் 1940-லிருந்து வந்துகொண்டிருந்தபோதே 1942-ல் ஐயர் காலமானார். சரித்திரம் பாதியில் நிற்கிறது. கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று நூலகரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டுக்குத் தராத நூல்களும் உண்டு. பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளில் கொண்டுவந்த கலைக்களஞ்சியம், ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' போன்றவை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டில் இருக்கும். சாவி நூலகரின் மேசை இழுப்பறையில். மாமனாரும் மருமகனும் புராணப் பெயர் ஒன்றுக்காகப் பந்தயம் கட்டிக்கொண்டு வரும்போதுதான் சிந்தாமணி வெளியே வரும். 1910-ல் வெளியான அந்த நூல் இரண்டு பேரும் தவறு என்று காட்டிவிட்டு உள்ளே போகும்.

பெண்கள் பத்திரிகைகளில் வாசகியர் அனுப்பும் வீட்டுக் குறிப்புகள் தனி ரகம். தோசை மாவு புளிக்காமலிருக்க, வெள்ளிப் பாத்திரம் பளபளக்க, எறும்பு வராமலிருக்க என்று பக்கத்துக்குப் பத்து. இவற்றைப் படிக்க முடியுமா என்பது முந்தைய வாசகரின் கையில் இருந்த பிளேடைப் பொறுத்தது. மைசூர்பாகு செய்முறையின் கடைசி மூன்று வரி வெட்டுப்பட்ட பத்திரிகையை நம்பி அடுப்பு மூட்டிய வீட்டில், பாகு எந்தப் பதத்தில் இறக்குவது என்பது கடைசி வரை தெரியாமலே போகும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள எந்த நூலகரும் ஆட்சேபிக்க மாட்டார். இந்த வசதி வந்த பிறகும் கிழிக்கிறவர்கள், செய்முறைக்காகக் கிழிப்பதில்லை. அடுத்தவருக்குக் கிடைத்துவிடக் கூடாதே என்று கிழிக்கிறார்கள்.

எடுத்துப்போன புத்தகத்தைக் காப்பாற்றுவது எளிது. பக்க நுனியை மடிக்காமல் பஸ் டிக்கெட்டைச் செருகலாம். பஸ் டிக்கெட் இதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட அளவில் இருக்கிறது. எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது. அந்த மூலையை முன்பு யார் தொட்டார்கள் என்று யோசித்தாலே பழக்கம் நின்றுவிடும். மழையில் நனைந்துவிட்டால் வெயிலில் போடுவதோ இஸ்திரிப்பெட்டி வைப்பதோ வேண்டாம், தாள் நெளிந்துவிடும். பக்கங்களுக்கு இடையே பழைய செய்தித்தாளை வைத்து, ஈரம் இழுக்க இழுக்க மாற்றி, மின்விசிறிக் காற்றில் ஆறவிட வேண்டும். பூச்சிக்கு, ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வழங்கிவரும் வசம்புத் துண்டை அலமாரியில் போட்டு வைக்கலாம். பிள்ளைக்கு உரைத்தது போக மிச்சம் இருந்தால்.

புத்தகத்தைத் திருப்பித் தரத் தோன்றாதவர்கள், நூலகத்தின் பெயர் இருக்கும் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதுண்டு. ஒவ்வொரு புத்தகத்திலும் ரகசியப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பக்க எண்ணை வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் முத்திரை குத்தியிருப்பார்கள். எந்தப் பக்கம் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். கண்டுபிடிக்க வேண்டுமானால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அதற்குள் புத்தகத்தைப் படித்து முடித்துவிடலாம், பிறகு வைத்துக்கொள்ளத் தேவையும் இராது. தாமதக் கட்டணத்துக்குப் பயந்து வராமலிருப்பவர்கள்தான் இன்னும் பரிதாபம். ஒரு டீ விலைக்குப் பயந்து, ஊரின் ஒரு தெரு வழியாகவே போகாமல் ஆண்டுக்கணக்கில் சுற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. கிளை நூலக வாசகர்களில் பாதிப் பேர் நேரத்தைச் செலவழிக்கவே வருகிறவர்கள். அவர்களுடைய நேரத்தை மிச்சப்படுத்தினால் மிச்சத்தை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்? இந்தச் சிக்கலை ஒவ்வொரு நூலகரும் அவரவர் வழியில் தீர்த்துக்கொள்கிறார். நல்ல நூலகர் கேட்டால் கேட்ட புத்தகத்தைத் தருவார். மிக நல்ல நூலகர் அது இல்லையென்று சொல்லிவிட்டு வேறொன்றைத் தருவார், அது கேட்டதைவிட நன்றாக இருக்கும். அவரிடம் சிபாரிசு கேட்க வெட்கப்படத் தேவையில்லை. மாதக்கணக்கில் யாரும் அவரிடம் நாளிதழின் நடுப்பக்கத்தைத் தவிர வேறெதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உறுப்பினர் ஆவதற்கு முகவரிச் சான்றும், திருப்பித் தரக்கூடிய சிறு வைப்புத் தொகையும், அதைவிடச் சிறிய சந்தாவும் போதும். நூலக வரியை வீட்டு வரியோடு ஏற்கெனவே கட்டியாயிற்று. வாடகை வீட்டுக்காரர்கள் வாடகையோடு கட்டியாயிற்று. கட்டிய காசுக்குக் குறைந்தது ஒரு புத்தகமாவது எடுத்துப் படித்துவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை போக வேண்டாம், விடுமுறை.